சாய்கோடும் படிக்கட்டும்: கியூபிச விரிப்பு யாருடைய கலை?

சுவரில் மாட்டுவதற்காகத் தீட்டிய படத்தைத் தரையில் விரிப்பதற்காக நெய்தால், கிடைப்பது படத்தின் நகலா, தனியொரு கலைப்பொருளா? ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்கு வயது ஐந்நூறு. 1515, 1516 வாக்கில் சிஸ்டைன் தேவாலயத்துக்காக ரஃபேல் தீட்டிய மாதிரிப் படங்களை பிரசல்ஸ் தறிகள் நெய்தபோதே அது எழுந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் பிக்காசோவும் லெஜேயும் வரைந்தவை கம்பளமாகவும் சுவர்த்திரையாகவும் மாறியபோது கேள்வி இன்னும் கூர்மையானது. கியூபிசம் கோணங்களும் தளங்களும் கொண்டு கட்டிய கலை. தறியோ நெடுக்கிலும் குறுக்கிலும் மட்டுமே இழை ஓடும் கருவி. இவற்றில் யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் நூலையும் துணியையும் நன்கு அறிந்த ஊர்கள். ஆனால் தரைவிரிப்புக்கு இந்த ஊர்கள் பெயர் பெற்றதில்லை. அதனால்தான் இங்கிருந்து இந்த வழக்கைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு: நெசவு தெரியும், கட்சி கிடையாது. இதுவரை சொல்லப்பட்ட முக்கியப் பதில்களை அப்படி எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறி எதற்குச் சம்மதிக்கும்?

கலை விமர்சகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஜமக்காளம் போன்ற தட்டை நெசவில் குறுக்கே ஓடும் ஊடை இழையை அடித்து இறுக்கி, நெடுக்கே ஓடும் பாவு கண்ணுக்கே தெரியாதபடி மூடிவிடுவார்கள். குறுக்கே ஓடும் பட்டைக்குக் கூடுதல் வேலை இல்லை. நாடாவில் நூலின் நிறத்தை மாற்றினால் போதும், பட்டை வந்துவிடும். உலகமெங்கும் தட்டை விரிப்புகளில் பட்டை மலிந்து கிடப்பதற்கு இதுவே முதல் காரணம்.

நெடுக்குக் கோடு வந்தால் தொல்லை தொடங்குகிறது. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் கறுப்பு என்றால் இரண்டு நிற ஊடையும் ஒவ்வொரு வரிசையிலும் அந்த எல்லைவரை வந்து திரும்ப வேண்டும். திரும்பும் இடம் ஒரே பாவு இழையாகவே இருந்தால், இரண்டுக்கும் நடுவே பொத்தான் துளைபோல ஒரு பிளவு விழும். காலில் மிதிபடும் விரிப்பில் நீண்ட பிளவு தாங்காது. இரண்டு ஊடையையும் ஒன்றோடொன்று கோத்துப் பின்னினால் பிளவு மூடும், ஆனால் நெசவின் வேகம் குறைந்துவிடும்.

சாய்கோடு தறிக்கு நண்பன். ஒவ்வொரு ஓரிரு வரிசைக்கும் எல்லையை ஒரு பாவு இழை தள்ளிக்கொண்டே போனால் பிளவு நீளாது. எட்ட நின்று பார்த்தால் கோடு, குனிந்து பார்த்தால் படிக்கட்டு. நூல் தடிக்கத் தடிக்கப் படியும் பெரிதாகும். துருக்கிய, பாரசீகத் தட்டை விரிப்புகள் சாய்சதுரங்களாலும் படிமுகடுகளாலும் நிறைந்திருப்பதன் பின்னால் அழகுணர்ச்சி எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு இந்தக் கணக்கும் இருக்கிறது. வளைகோட்டில் படிகளின் அளவு இடத்துக்கு இடம் மாறுவதால் அதுவே மிகச் சிரமமானது.

முடிச்சுக் கம்பளத்தில் இந்தத் தடைகள் இல்லை. ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி. எந்தப் புள்ளிக்கும் எந்த நிறமும் கொடுக்கலாம். செலவு முடிச்சின் எண்ணிக்கையைப் பொறுத்தது. காஷ்மீரத்தின் சங்கிலித் தையல் விரிப்பில் நெசவே கிடையாது. இங்கே ரவிக்கையில் ஆரி வேலை செய்யும் அதே கொக்கி ஊசியால் துணிமேல் கம்பளி நூலைக் கோத்துக்கொண்டே போகிறார்கள். அதில் வளைவும் சுழிவும் பேனாக் கோடுபோல ஓடும். சந்தையில் 'கைநெசவு கியூபிச விரிப்பு' என்று விற்கப்படுபவற்றில் கணிசமானவை இந்த வகை. 'தறி' என்ற ஒரே சொல்லால் இவை அனைத்தையும் சுட்டியதால்தான் வழக்கு இத்தனை காலம் நீண்டது என்று தோன்றுகிறது.

நகல் என்ற கட்சி

மிகப் பழைய கட்சி இதுதான். ஓவியன் படைக்கிறான், நெசவாளி பெயர்த்தெழுதுகிறான், பெயர்ப்பு எவ்வளவு பிசகாமல் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசின் கோபலின் நெசவகத்துக்கு மேற்பார்வையாளராக வந்த ஓவியர் ழான் பாப்டிஸ்ட் ஊத்ரி, எண்ணெய் ஓவியத்தின் ஒவ்வொரு சாயலையும் நூலில் கொண்டுவர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். எங்கள் கைக்கென்று ஒரு நிற ஒழுங்கு உண்டு என்று நெசவாளர்கள் வாதாடினார்கள். ஊத்ரியே வென்றார். அடுத்த நூற்றாண்டில் அங்கே சாயப்பிரிவின் தலைவராக 1824இல் சேர்ந்த வேதியியலாளர் மிஷெல் யூஜின் செவ்ரல், நிறங்களை 14,400 சாயல்களாக வகுத்தார்.

இந்தக் கட்சியை உள்ளிருந்தே கவிழ்த்தவரும் செவ்ரல்தான் என்பது வேடிக்கை. கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யும்போது கண்ணுக்கு அது வலுவிழந்து படுகிறது. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்ற இந்த விதியை 1839இல் நூலாக வெளியிட்டார். 1912இல் கியூபிசத்திலிருந்து கிளைத்து, நிறங்களின் மோதலையே பொருளாக்கிய ராபர்ட் தெலோனே நம்பி நின்றது இந்த விதியைத்தான். சாயப்பட்டறையின் புகார் ஒன்று ஓவியக் கொள்கையாகி, ஓவியமாகி, மறுபடி விரிப்பாக நெய்யப்பட்டது. இதில் எது மூலம், எது நகல் என்று கேட்டால் அந்தக் கட்சியிடம் விடை இல்லை.

தறிக்குத் தனி மொழி

இரண்டாவது கட்சி இருபதாம் நூற்றாண்டினுடையது. பிரான்சில் ழான் லூர்சா, 1930களின் இறுதியில் ஒபூசோன் நெசவூரில் வேலை தொடங்கியபோது சாயல்களைச் சில பத்துக்குள் சுருக்கினார். தீட்டிய படத்தைக் கொடுக்காமல், நிற எண்கள் குறித்த கோட்டு வரைபடத்தைக் கொடுத்தார். ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் பயின்று அமெரிக்கா போன அன்னி ஆல்பர்ஸ், நெசவைக் கட்டடக் கலைபோல அணுகினார். 1965இல் வந்த அவருடைய நெசவு நூல், இழைகள் ஒன்றையொன்று சந்திக்கும் விதத்திலிருந்தே வடிவம் பிறக்கிறது என்ற நிலைப்பாட்டைக் கொண்டது.

கியூபிசத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. 1910 முதல் 1912 வரை பிக்காசோவும் பிராக்கும் தீட்டிய படங்களில் பழுப்பும் சாம்பலும் ஒன்றுக்குள் ஒன்று கரையும். ஒரு தளம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். இந்தக் கரைதலைத் தட்டை நெசவு தாங்காது. இரண்டு நிற ஊடையையும் சீப்புப் பல்போலக் கோத்து ஓரளவு ஏமாற்றலாம், அவ்வளவுதான். 1912க்குப் பிறகு காகிதத் துண்டுகளை ஒட்டத் தொடங்கியதும் தளங்கள் தட்டையாகின, விளிம்புகள் கூர்மையாகின. கியூபிச விரிப்பு என்று உலகம் அறிந்தவை பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தின் வழி வந்தவை. தறி தன் பங்குக்குத் தேர்வு செய்திருக்கிறது என்றே இதைக் கொள்ளலாம்.

பிக்காசோவின் குவெர்னிகா ஓவியத்தை 1955இல் ஜாக்லின் தெ லா போம் துர்பாக் சுவர்த்திரையாக நெய்தார். நெல்சன் ராக்பெல்லருக்காக நெய்த அந்தத் திரை 1985 முதல் ஐ.நா. பாதுகாப்பு அவை வாயிலில் தொங்கியது. 2021இல் கழற்றப்பட்டு அடுத்த ஆண்டே திரும்பி வந்தது. மூல ஓவியம் கறுப்பு, வெள்ளை, சாம்பல். திரையிலோ பழுப்புச் சாயல்கள் கலந்திருக்கின்றன. பிக்காசோ இருக்கும்போதே, அவர் அறிய நடந்த மாற்றம் இது.

ஆனால் 'தறியின் இயல்பு' என்பது எவ்வளவு உறுதியான சொல்? மேலே பார்த்தபடி தட்டை நெசவின் இயல்பு வேறு, முடிச்சின் இயல்பு வேறு. தட்டை நெசவுக்குள்ளும் வழி இருக்கிறது. ஐரோப்பிய சுவர்த்திரை நெசவாளர்கள் படத்தைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டு நெய்தார்கள். படத்தின் நெடுக்குக் கோடுகள் தறியில் குறுக்காகிவிடும், பிளவுத் தொல்லை குறையும். தன் கருவியை இப்படி ஏமாற்றத் தெரிந்த கையை, கருவியின் இயல்புக்குள் அடக்கிப் பேசுவது அந்தக் கைக்குச் செய்யும் அநீதி.

'நம்மிடம் முன்பே இருந்தது'

மூன்றாம் பதில் பலருக்கும் இனிப்பது. கியூபிசம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, நெசவாளரும் தையல்காரரும் காலங்காலமாகச் செய்ததைத்தான் தாமதமாக வந்து சேர்ந்தது என்பது இதன் சாரம். சான்றும் உண்டு. 1911இல் ஓவியர் சோனியா தெலோனே தன் கைக்குழந்தைக்காக ருஷ்யக் கிராமத்துப் பாணியில் துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தார். அதைப் பார்த்தபின்தான் கியூபிச முறையை மற்றப் பொருள்களிலும் ஓவியத்திலும் முயன்றதாகப் பின்னாளில் சொன்னார். 1912 மே மாதம் பிக்காசோ செய்த 'பிரம்பு நாற்காலியுடன் அசைவிலாப் பொருள்கள்' என்ற படத்தில், பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியைக் கித்தானில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். கியூபிச ஒட்டோவியங்களில் முதலாவதாகக் கருதப்படும் படத்திலேயே பின்னலும் முறுக்கிய நாரும் வந்து உட்கார்ந்துகொண்டன.

இதே வாதத்தை நம் பக்கம் நீட்டுவதும் எளிது. புள்ளிக் கோலத்தைக் காட்டலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் ஏறும் கிளியைக் காட்டலாம். மாதுளம்பூ மூக்காகிறது, மரவள்ளி இலை உடலாகிறது, காக்காப்பொன் கண்ணாகிறது. நார் கட்டி, குச்சி வைத்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பொருள்களின் தளங்களைச் சேர்த்து ஒரு பறவை. நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். 1912இன் பாரிசில் இதை யாராவது பார்த்திருந்தால் ஒட்டுக்கலை என்று கூத்தாடியிருப்பார்கள்.

வாதம் சறுக்குவதும் இங்கேதான். கிளியைச் செய்பவர் கிளியைத்தான் செய்கிறார். பார்ப்பவர் பொருளை நம்பலாமா என்ற சந்தேகம் அவருடைய வேலையில் இல்லை. பிக்காசோவின் பிரம்புப் பின்னல் அந்தச் சந்தேகத்துக்காகவே ஒட்டப்பட்டது: அது பின்னலும் அன்று, வரைந்த பின்னலும் அன்று, அச்சடித்த பின்னல். உருவம் ஒத்திருப்பதால் நோக்கமும் ஒன்றே என்று கொள்வது பாரிசிடம் சான்றிதழ் கேட்பதாகும். நம் கிளிக்கு அது தேவையில்லை.

கைகள் யாருடையவை?

நான்காவது கேள்வி அழகியலை விட்டு விலகிக் கூலிக்கும் பெயருக்கும் வருகிறது. 1920களில் மாரி கியூத்தோலி, மிர்போர் என்ற தன் பாரிஸ் நிறுவனத்துக்காக லெஜே, லூர்சா, பிக்காசோ, மீரோ ஆகியோரின் வடிவங்களை விரிப்புகளாக்கினார். அவருடைய தொடக்ககாலப் பட்டறை அல்ஜீரியாவின் செட்டிஃபில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த அந்த ஊரின் பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். அருங்காட்சியகப் பலகைகளில் ஓவியர் பெயர் நிற்கிறது, நிறுவனத்தின் பெயர் நிற்கிறது.

இந்தியாவில் இதற்கு மிகப்பெரிய எடுத்துக்காட்டு சண்டிகர் உயர்நீதிமன்றம். கியூபிசத்துக்கு மறுமொழியாக 1918இல் ஓவியர் ஓசன்ஃபானோடு சேர்ந்து நூல் எழுதிய கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே, 1950களின் நடுவில் அதன் அறைகளுக்கு ஒன்பது சுவர்த்திரைகளை வடிவமைத்தார். ஒன்று 144 சதுர மீட்டர், மற்ற எட்டும் 64 சதுர மீட்டர் வீதம். காஷ்மீரத்து நெசவாளர்கள் கம்பளியில் நெய்தார்கள். அறையின் எதிரொலியைக் குறைப்பதும் அவற்றின் பணி. நீதிபதிகளில் சிலருக்கு அவை பிடிக்கவில்லை, சில கழற்றப்பட்டன, கட்டடக் கலைஞர் கொதித்தார். அந்தச் சச்சரவில் எழுந்த குரல்கள் வடிவமைத்தவருடையவை, தீர்ப்பளித்தவர்களுடையவை. நெய்தவர் குரல் கேட்கவில்லை. காஷ்மீரத் தறியில் படத்துக்கும் நெசவாளிக்கும் நடுவே இன்னொருவரும் உண்டு: நிறத்தையும் முடிச்சின் எண்ணிக்கையையும் குறியீடாக எழுதித் தரும் தாலிம் எழுத்தர். வடிவத்தைத் தறிமொழியில் முதலில் 'வாசிப்பவர்' அவர்தான். படைப்புரிமை விவாதங்களில் அவருக்கு இடமே இல்லை.

இந்திய ஓவியன் கியூபிசத்தைத் தொட்டால் அது போலி என்ற பழி தனி. 1922இல் ஓவியர் ககனேந்திரநாத் தாகூரைக் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் இந்தியக் கியூபிஸ்டாக அறிமுகப்படுத்தினார். அந்த ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் பௌஹவுஸ் கலைஞர்களின் படைப்புகளோடு அவருடையவையும் காட்சிக்கு வந்தன. 1959இல் கலை விமர்சகர் டபிள்யூ.ஜி. ஆர்ச்சர் அவற்றை மட்டமான பின்பற்றல் என்று ஒதுக்கினார். 2007இல் கலை வரலாற்றாளர் பார்த்தா மித்தர் இந்தத் தீர்ப்பையே நோயாகக் கண்டார்: ஐரோப்பியன் கடன் வாங்கினால் தாக்கம், மற்றவன் வாங்கினால் போலி என்ற மனப்போக்கு. மித்தரின் மறுப்பு வலுவானது. ஆனால் அது ஓவியனை மீட்டதே தவிர, நெசவாளியைத் தொடவில்லை. 1950களில் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்கள் ஓவியனுக்கும் நெசவாளிக்கும் நடுவே இருந்த இந்த இடைவெளியைக் குறைக்க முயன்றன. அம்பாதாஸ், பிரபாகர் பர்வே போன்ற ஓவியர்கள் அவற்றில் வேலை பார்த்தார்கள். கே.ஜி. சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பிரிவில் இருந்தார். சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலத்திலோ ஓவியர்களே பத்திக் துணியும் கைவினையும் செய்து விற்றுத் தங்கள் ஓவியத்துக்குச் சோறு போட்டார்கள். அங்கே ஓவியனும் கைவினைஞனும் ஒரே உடம்பு. ஆனால் தறியில் உட்காரும் குடும்பத்துக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது.

தமிழ்த் தரையில்

தென்னாட்டில் முடிச்சுக் கம்பளம் இருந்திருக்கிறது. தஞ்சைப் பக்கத்து அய்யம்பேட்டை, வடாற்காட்டின் வாலாஜாபேட்டை ஆகியவை பழைய மையங்கள். 1908இல் ஹென்றி ஹாரிஸ் சென்னை அரசுக்காகத் தென்னிந்தியக் கம்பள நெசவைப் பற்றித் தனி நூல் எழுதினார். அதற்கு முன்பே, 1880இல் ஜார்ஜ் பேர்ட்வுட், சிறைச்சாலைகளில் மலிவாக நெய்த கம்பளங்களும் புதிய இரசாயனச் சாயங்களும் இந்தக் கைத்திறனை அழிப்பதாகக் கொதித்திருந்தார். அவர் கோபம் நியாயமானது. மரபு அசையாமல் இருக்க வேண்டும் என்ற அவர் ஆசைக்கு அதே நியாயம் கிடையாது.

நிலைத்தது பவானி ஜமக்காளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலேயத் துணியின் போட்டியில் நிற்க முடியாமல், ஜங்கமர் சமூக நெசவாளர்கள் தடித்த வண்ணப் பருத்தி நூலுக்கு மாறியதில் பிறந்தது அது. அகலத் தறியில் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து நெய்வார்கள். அந்தத் தடித்த நூலில் பட்டையைத் தவிர வேறு வடிவம் எளிதில் ஏறாது. பூவும் கரையும் வேண்டியபோது செயற்கைப் பட்டு நூலைச் சேர்த்தார்கள். இன்னும் தெற்கே பத்தமடையில் கோரையே ஊடை. மணமக்கள் பெயரைக்கூடப் பாயில் நெய்துவிடுகிறார்கள். எழுத்தின் வளைவு அங்கே கோணமாக ஒடிந்துதான் வரும். இரண்டிலும் கியூபிசம் இல்லை. ஆனால் வடிவத்தை நூலின் தடிமன் தீர்மானிக்கிறது என்பதற்கு இவற்றைவிட நல்ல பாடம் வேண்டாம்.

சட்டமும் இங்கே வருகிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கிய 11 இனங்களில் ஜமக்காளமும் ஒன்று. பவானிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இருந்தும் சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கு 'பவானி' என்ற பெயரில் விற்பதாக நெசவாளர்கள் முறையிடுவது நிற்கவில்லை. இடத்தின் பெயரையே இப்படிக் காக்க வேண்டியிருக்கும்போது, நெய்த ஆளின் பெயரைக் காக்கச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

ராஜபாளையத்தின் கணக்கு

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் நிறுவிய ஆலையிலிருந்து ராஜபாளையத்தின் பெயர் நூலோடு கலந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் மருத்துவப் பேண்டேஜ் துணி நெய்கின்றன. விரிப்புக்கு நேர் எதிரான துணி அது. பேண்டேஜ் துணியில் இழைக்கும் இழைக்கும் நடுவே காற்றுப் போக வேண்டும், பாவும் ஊடையும் சமமாகத் தெரிய வேண்டும். விரிப்பில் பாவு தெரிந்தால் குறை. ஆகவே 'இங்கே நூல் இருக்கிறது, தறி இருக்கிறது, கலை விரிப்பு நெய்யலாம்' என்று எழும் யோசனையை அப்படியே ஏற்பதற்கில்லை. நூல் இங்கே கிடைக்கும். அடித்து இறுக்கும் கையும், எல்லையில் நிறத்தைத் திருப்பும் பழக்கமும் வேறு பள்ளியில் கற்க வேண்டியவை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் துணியோடு வேறு உறவு. கைசிக ஏகாதசியன்று கோயிலில் 108 போர்வை சாற்றுகிறார்கள். அங்கே துணியின் மதிப்பு யார் வடிவமைத்தது என்பதிலும் இல்லை, யார் நெய்தது என்பதிலும் இல்லை, யாருக்குச் சாற்றியது என்பதில் இருக்கிறது. ஓவியனா நெசவாளியா என்று ஐரோப்பா ஐந்நூறு ஆண்டாக நடத்தும் வழக்கில் இப்படி மூன்றாம் தரப்பு ஒன்று இருக்கக்கூடும் என்பதே பேசப்படவில்லை. இதை விடையாகச் சொல்ல முடியாது. நெய்த பொருளுக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது எல்லாருக்கும் பொதுவான முடிவு இல்லை என்பதற்கு இது சான்று, அவ்வளவே.

தீர்ந்தவையும் தீராதவையும்

நகல் கட்சி பெரும்பாலும் வீழ்ந்துவிட்டது என்று சொல்லலாம். தனி மொழிக் கட்சி நிற்கிறது, ஆனால் எந்த நுட்பத்தின் மொழி என்று ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். 'முன்பே இருந்தது' என்பது உருவ ஒற்றுமையைத் தாண்டிப் பெரிதாக எதையும் நிறுவவில்லை. பெயர் யாருக்கு என்ற கேள்வி மட்டும் முழுதாகத் திறந்தே கிடக்கிறது. கட்டத்தாளில் எழுதுபவர், சாயம் போடுபவர், அருகருகே அமரும் இரு நெசவாளர் என்று கை பெருகும்போது ஒற்றைக் கையொப்பம் எப்படிப் பொருந்தும் என்பதற்கு யாரும் நல்ல வழி காட்டவில்லை.

சட்டத்தின் நிலை இதைவிடத் தெளிவு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் படைத்தவர் இறந்தபின் 60 ஆண்டு காக்கிறது. 1973இல் மறைந்த பிக்காசோவின் படங்களை 2033 முடியும்வரை அனுமதியின்றி நெய்ய முடியாது. 1927இல் மறைந்த ஹுவான் கிரிஸுக்கும் 1938இல் மறைந்த ககனேந்திரநாத்துக்கும் அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது.

வாங்குகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விரிப்பைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே வடிவம் தெரிந்து, நிறங்கள் சந்திக்கும் இடத்தில் சின்னப் பிளவோ பின்னலோ இருந்தால் தட்டை நெசவு. பின்னால் முடிச்சு வரிசை எண்ணக்கூடியதாக இருந்தால் கம்பளம். கித்தானில் குட்டித் தையல்கள் ஓடினால் சங்கிலித் தையல். பின்பக்கம் பசை போட்டுத் துணி ஒட்டியிருந்தால், முன்பக்கம் எவ்வளவு பெரிய ஓவியரின் கோணங்கள் இருந்தாலும், அது தறி கண்ட விரிப்பு இல்லை.